எட்டுத் திரைகளில் ஒட்டிய டேப்

வயர் முனைகளில் எலெக்ட்ரீஷியன்கள் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு இன்சுலேஷன் டேப்தான். நாலு விரல் நீளத்துக்கு வெட்டிய எட்டுத் துண்டுகள். எட்டு கம்ப்யூட்டர் திரைகளிலும் ஒரே இடத்தில், நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாக, செங்குத்தாக ஒட்டப்பட்டிருந்தன. அந்தக் காலத்து மானிட்டர்கள் ஓடத் தொடங்கிய அரை மணி நேரத்தில் சூடாகிவிடும். சூட்டில் பசை இளகி டேப்பின் ஓரம் தூக்கிக்கொள்ளும். எங்கள் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்ட அக்கா காலையில் கடையைத் திறந்து, மாதா படத்தின் முன் சிலுவை போட்டுக்கொண்டு, அடுத்ததாகச் செய்கிற வேலை ஒவ்வொரு திரையாகப் போய் டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிடுவது. புதிதாக வருகிறவர்கள் திரை விரிசல் விட்டிருக்கிறது என்று நினைத்து வேறு சீட்டு கேட்பார்கள். எல்லாச் சீட்டிலும் அதே விரிசல் இருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் உட்காருவார்கள்.

ஆட்டத்தின் நடுவே கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் பட்டியல் ஒன்று வரும். மேலே, இரண்டு அணிகளும் ஜெயித்த சுற்றுகளின் எண்ணிக்கை. அதன் கீழே ஆடுபவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு எண்கள்: எத்தனை பேரைச் சுட்டான், எத்தனை முறை செத்தான். டேப் மறைத்தது அந்த இரண்டு எண்களை மட்டும்தான். அணியின் கணக்கு தெரியும், ஆளின் கணக்கு தெரியாது. பல பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளை வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். தனி ஆளின் திறமைக்கு எவ்வளவு இடம் கொடுப்பது, சேர்ந்து ஆடுவதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பது எங்கள் தொழிலில் தீராத தலைவலி. அந்த டேப் செய்த வேலையைப் பற்றி இன்று என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும், பேசியும் இருக்கிறேன். அக்காவுக்கு ஒரு ரோல் டேப்பும் கத்தரிக்கோலும் ஐந்து நிமிடமும் போதுமானதாக இருந்தன. எனக்கு எதையாவது கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் அதைச் செய்யவில்லை. என்னால் அவருடைய கடை காலியாகிக்கொண்டிருந்தது, அதற்காகச் செய்தார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. தண்டையார்பேட்டை டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால், ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். கீழே சாலையில் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் லாரிகள் நாள் முழுக்க வரிசையில் நிற்கும். வரிசை நகரும்போது எங்கள் மேசைகள் அதிரும். காலையில் துடைத்த கீபோர்டில் மதியத்துக்குள் கரித்தூள் படிந்திருக்கும். பகலில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களும் பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவர்களும் வருவார்கள். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை துப்பாக்கிச் சண்டை. ஒரு அணி ஒரு இடத்தில் குண்டு வைக்க வேண்டும், இன்னொரு அணி அதைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். வாடிக்கையாளர்களுக்கு ஏழு சிஸ்டம். எட்டாவது, கல்லா மேசையை ஒட்டி, அக்காவுடையது.

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ராயபுரத்துக்காரர், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தபால் வழியில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். பரீட்சைகள் எல்லாம் முடிந்துவிட்டன, கடைசி ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கடையை நடத்துகிறவருக்கு விம்கோ நகர் பக்கம் லேத் பட்டறை இருந்தது, அவர் எப்போதாவதுதான் வருவார். எட்டாவது சிஸ்டத்தை ப்ராஜெக்ட்டுக்கு வைத்துக்கொள்ளும்படி அவர் அக்காவிடம் சொல்லியிருந்தார். பகல் முழுவதும் ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள், ஃபாரம் நிரப்பித் தரச் சொல்வார்கள். சாயங்காலம் நாங்கள் ஏழு பேரும் ஆட்டத்தில் மூழ்கிவிட்ட பிறகு கிடைக்கும் மூன்று மணி நேரத்தில்தான் அக்காவின் ப்ராஜெக்ட் நகரும். இது கடைக்கு வந்துபோகும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டியது அதிகமில்லை. இருபது வயது, பாலிடெக்னிக்கில் நாலு அரியர், திருவொற்றியூரில் வீடு. எதிலும் நான் தேறவில்லை, அந்த ஆட்டத்தைத் தவிர. எதிராளி சுவரின் எந்த ஓரத்திலிருந்து தலையை நீட்டுவான் என்பது அவன் நீட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஒரே சுற்றில் எதிர் அணி முழுவதையும் தனியாக முடித்துவிடுவேன். முடித்த கையோடு பட்டனை அழுத்திப் பட்டியலைப் பார்ப்பேன். என் பெயருக்கு நேரே முப்பத்தாறு, அடுத்தவனுக்கு ஒன்பது. அந்த எண்ணைப் பார்க்கும்போது கிடைத்த சந்தோஷத்தை வேறு எதிலும் நான் அன்றுவரை அடைந்ததில்லை. பின்னால் ஐந்து பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், நான் கவனிக்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

வேடிக்கை பார்த்தவர்கள் ஆடவில்லை, அதுதான் சிக்கல். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் என் பக்கம் சேரப் பார்ப்பார்கள். சேர முடியாதவர்கள் பத்து நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். என் பக்கம் இருந்தவர்களுக்கும் பெரிய சுகமில்லை. அவர்கள் எதிரியைக் கண்டுபிடிப்பதற்குள் நான் சுட்டிருப்பேன். ஒரு நாள் லேத் பட்டறை முதலாளி வந்தார். மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தோம். அக்காவிடம் அவர் சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். “இந்த மாசம் பாக்கறேம்மா. சாய்ங்காலம் சீட்டு ரொம்பலன்னா அல்லாத்தையும் எட்த்துட்டு ஜெராக்ஸ் மிஷினு போட்ரலாம்னு கீறேன்.” அவர் போன பிறகு அக்கா கொஞ்ச நேரம் எட்டாவது திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார். “நைனா, நீ ஒர்த்தன் குந்துனா எனக்கு நாலு சீட்டு காலியாவுது. இன்னா பண்லாம் சொல்லு.”

என்னை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நானே பிற்பாடு அதைக் கேட்டேன். “ஒன்ன வராதன்னு சொன்னா, அப்பால நல்லா ஆடறவன் அடுத்து எவன் கீறானோ அவன் மேல பாய்வானுங்க. அவனயும் வராதன்னு சொல்லணும். கடசீல யாருதான் ஆடறது?” என்றார். முதலில் அவர் செய்தது, என்னைச் சின்னக் கைத்துப்பாக்கியோடு மட்டும் ஆடவைத்தது. அது மோசமாக முடிந்தது. கைத்துப்பாக்கியிலும் நானே ஜெயித்தேன். பெரிய துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு இப்போது தோல்வியோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. இரண்டு பேர் அடியோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். திறமைசாலியின் கையைக் கட்டிப்போட்டால் அவன் பெருமைதான் ஏறும் என்பதை எங்கள் தொழிலில் இன்றும் பல பேர் செலவு செய்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்த நாள் திரைகளில் டேப் வந்துவிட்டது. இருபது முறை செத்தவன், தான் இருபது முறை செத்தது தெரியாததால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். ஆனால் நான் அடங்கவில்லை. திரையில் தெரியாத எண்ணை வாயால் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொருவனைச் சுடும்போதும் பதினேழு, பதினெட்டு என்று சத்தமாக எண்ணுவேன். “ஒன் வாய்லயும் ஒண்ணு ஒட்டணுமா?” என்று அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் நிறுத்தினேன். இரண்டு நாளில் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். டேப் திரையின் ஒரு பகுதியை மறைக்கிறது அல்லவா, எதிராளியின் திரையில் அந்த இடத்தில் படும்படி நேர்கோட்டில் நடந்துபோனால் நான் வருவது அவனுக்குத் தெரியாது. அதையும் செய்தேன். விதியில் ஓட்டை இருந்தால் நல்ல ஆட்டக்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அப்போதுதான் அக்கா உத்தி பிரிக்கச் சொன்னார். தெருவில் கபடி ஆடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் சமமான திறமையுள்ளவர்களாக இரண்டிரண்டு பேராக ஜோடி சேர வேண்டும். அந்த ஜோடிக்குத்தான் உத்தி என்று பெயர். ஜோடி தள்ளிப்போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோள்மேல் கைபோட்டபடி திரும்பி வந்து, “கப்பலு வேணுமா, லாரி வேணுமா?” என்று கேட்கும். யார் கப்பல், யார் லாரி என்பது தலைவனுக்குத் தெரியாது. அவன் ஒன்றைக் கேட்க, அந்த ஆள் அவன் அணிக்கு, மற்றவன் எதிரணிக்கு. சமமானவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்துவிடுவதால் அணிகள் தானாகவே சமமாகிவிடும். ஆட்களைச் சமமாகப் பிரிக்க நாங்கள் இப்போது பெரிய கணக்கெல்லாம் போடுகிறோம். ஆனால் எங்கள் கணக்கில் இல்லாத ஒன்று உத்தியில் உண்டு. “நானும் இவனும் சமம்” என்று ஒருவன் எல்லோர் முன்னாலும் இன்னொருவன் தோள்மேல் கைபோட்டுச் சொல்ல வேண்டும், அந்த இன்னொருவனும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் தோள்மேல் யாரும் கைபோடவில்லை. ஏழு பேரில் இரண்டு பேர் தலைவர்கள், நாலு பேர் இரண்டு ஜோடி, ஏழாவதாக நான். மூன்றுக்கு மூன்று ஆட்டம் நன்றாக நடந்தது. சத்தமும் சிரிப்பும் நான் ஆடும்போது கேட்காத அளவுக்குக் கேட்டன. நான் சுவரில் சாய்ந்துகொண்டு அடுத்தவன் திரைகளைப் பார்த்தேன். மூன்று நாள் அப்படி நின்றேன். கடையிலேயே நன்றாக ஆடுகிறவன் ஆட இடமில்லாமல் நிற்பதில் உள்ள நியாயம் எனக்கு விளங்கவில்லை. அழுகை வந்தது, மறைத்துக்கொண்டேன். நாலாவது நாள் அக்கா தன் ப்ராஜெக்ட்டைச் சேமித்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நேராக வந்து என் தோள்மேல் கையை வைத்து, தலைவர்களைப் பார்த்து, “இவனுக்கு நான் உத்தி” என்றார்.

கடையே சிரித்தது. அக்கா ஒரு நாளும் ஆடி யாரும் பார்த்ததில்லை. என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய் “நான் க்ரேனு, நீ படகு” என்று சொல்லி அழைத்து வந்தார். தலைவனாக இருந்த ட்ரெய்லர் அண்ணன் படகைக் கேட்டார். கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறவர் அவர். கீழே வரிசையில் வண்டி நிற்கும் நேரத்தில் க்ளீனரை உட்காரவைத்துவிட்டு மேலே வந்து ஆடுவார். நான் கிடைத்துவிட்டேன் என்றதும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அக்கா எதிரணிக்குப் போய், எட்டாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து, எந்த பட்டனை அழுத்தினால் நடக்கலாம் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டார்.

அக்காவால் சுட முடியவில்லை. சுவரைச் சுட்டார், வானத்தைச் சுட்டார். ஆனால் பேசினார். நாலு மாதமாகக் கல்லா மேசையிலிருந்து எங்கள் ஏழு பேர் திரைகளையும் பார்த்தவர் அவர். எவன் எங்கே பதுங்குவான், எவன் பயந்தால் எந்தப் பக்கம் ஓடுவான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். “படகு தண்ணித் தொட்டிக்குப் பின்னாலதான் குந்தினு இருப்பான். ஒர்த்தன் ஒர்த்தனா போய்ச் சாவாதீங்க. மூணு பேரும் ஒண்ணாப் போங்க, ஒர்த்தன் செத்தாலும் ரெண்டு பேரு சுட்லாம்.” என் காது கேட்கத்தான் சொன்னார். நான் இடத்தை மாற்றினேன். மாற்றினால் எங்கே போவேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று பேராக வந்தார்கள். நான் இரண்டு பேரைச் சுட்டேன், மூன்றாமவன் என்னைச் சுட்டான். திரும்பத் திரும்ப இதுவே நடந்தது. ஒன்பதுக்கு ஆறு என்று தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் நான் எழுந்து என் திரையிலிருந்த டேப்பைப் பிய்த்தேன். பட்டியல் அப்படியே நின்றிருந்தது. என் பெயருக்கு நேரே இருபத்தெட்டு. அந்த அறையில் அதற்கு அடுத்த எண் பதினொன்று. அக்காவின் பெயருக்கு நேரே ஒன்று. அந்த ஒன்றும் தன் அணிக்காரனைத் தவறிச் சுட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்து, கடைசிச் சுற்றில் என்னைச் சுட்டது. “பாருங்க, அல்லாரும் பாருங்க” என்று கத்தினேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். அக்காவும் வந்து குனிந்து பார்த்தார். நிஜமாகவே யோசிக்கிற குரலில், “அப்போ ஏண்டா தோத்த?” என்று கேட்டார். அவர் டேப் ரோலை எடுத்து வந்து புதிதாக ஒரு துண்டு வெட்டி ஒட்டினார்.

அதற்குப் பிறகு கடை நிறைந்தது. எட்டுச் சீட்டிலும் ஆள் இருக்க, படிக்கட்டில் நாலு பேர் காத்திருந்தார்கள். தினமும் அக்காவும் நானும் உத்தி. தினமும் எதிரெதிர். ஒரு நாள் அவர் பக்கம் ஜெயிக்கும், ஒரு நாள் என் பக்கம். எது ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாததால்தான் எல்லோரும் வந்தார்கள். நானும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தேன், பக்கத்து ஆளுக்கு வழி விட்டேன். நல்ல புத்தி வந்து அல்ல, அப்படிச் செய்தால்தான் அக்காவை ஜெயிக்க முடிந்தது. அக்கா பக்கத்தில் நின்று ஒரே ஒரு தடவை ஆட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. உத்தியாக இருக்கும்வரை அது நடக்காது. நமக்குச் சமம் என்று சொன்ன ஆள் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் இருப்பார். முதலாளி ஒரு நாள் வந்து நிறைந்த கடையைப் பார்த்துவிட்டு, டேப்பைப் பற்றிக் கேள்வி கேட்காமல் போனார். மாதக் கடைசி தாண்டியது, ஜெராக்ஸ் மிஷின் வரவில்லை.

ஆனால் ஐந்திலிருந்து எட்டு மணி வரை எட்டாவது சிஸ்டத்தில் இப்போது ஆட்டம்தான் ஓடியது. ப்ராஜெக்ட்டை அக்கா காலையில் அரை மணி, மதியம் கால் மணி என்று செய்துகொண்டிருந்தார். திரையில் டேப் இருந்ததால் அவருடைய ஜன்னலை இடப்பக்கமாகச் சுருக்கி வைத்திருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் டேப்பை எடுத்துவிட்டுச் செய்யலாமே என்று நினைப்பேன், வேறொன்றும் நினைக்கமாட்டேன். ஒரு சாயங்காலம் உத்தி பிரிக்கிற நேரத்தில் ட்ரெய்லர் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சுமாரான ஆட்டக்காரர், ஆனால் விடாமல் ஆடுவார், இத்தனை வாரத்தில் தேறியிருந்தார். தோள்மேல் போடுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு, “இன்னா நைனா, இன்னைலேந்து நாம உத்தி போவலாமா? அக்காக்கு காலேஜி வேலைக்கு நாள் கிட்ட வந்துனு கீதாம். மூணுக்கு மூணு ஆடிக்கலாம், மிச்சம் நிக்கற ஒர்த்தன் படிக்கட்டு பசங்களோட மாத்தி மாத்தி ஆடட்டும், அக்கா பாட்டுக்கு அவங்க வேலையப் பாக்கட்டும்” என்றார்.

எட்டாவது சிஸ்டத்தில் ப்ராஜெக்ட் திறந்திருந்தது. அக்கா டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தார். நான் ட்ரெய்லர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தேன். “ஒனக்கும் எனக்கும் உத்தியாண்ணா? இன்னும் ஆறு மாசம் ஆடிட்டு வா” என்றேன். பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டுகிற மாதிரி எதையோ செய்தார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ப்ராஜெக்ட்டைச் சேமித்து மூடினார். எழுந்து வந்து, “வா, இன்னைக்கு இன்னா பேரு வெச்சிக்கலாம்?” என்று என் தோள்மேல் கைபோட்டார். அதற்குப் பிறகு யாரும் எனக்கு உத்தி கேட்டு வரவில்லை.

ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாள் வந்து போனது. அக்கா கொடுக்கவில்லை. அறிக்கையில் இரண்டு அத்தியாயம் பாக்கி, ப்ரின்ட் எடுத்து பைண்டிங் செய்யவும் நேரமில்லை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அதே ஃப்ளாப்பியை மறுநாளும் கைப்பையிலிருந்து எடுப்பதைப் பார்த்து நான்தான் கேட்டேன். “அட்த்த தபா குடுத்துக்கலாம், ஆறு மாசம்தானே” என்றார். ஆறு மாதம் கடை இருக்கவில்லை. பிராட்பேண்ட் இணைய இணைப்புகள் வீடுகளுக்கு வர ஆரம்பித்தன, பகல் கூட்டம் குறைந்தது, முதலாளிக்குப் பட்டறையில் வேறு தேவைகள். ஜெராக்ஸ் மிஷின்கள் வந்தே விட்டன. ப்ராஜெக்ட்டுக்காகக் கடையைக் காப்பாற்றினார், கடைக்காக ப்ராஜெக்ட்டை விட்டார், கடைசியில் கடையும் போனது. கணக்கு இவ்வளவு எளிமையானது. இதைப் போட்டுப் பார்க்க எனக்குச் சில வருடங்கள் ஆகின.

சிஸ்டங்களைத் தூக்கிக்கொண்டு போகும் அன்று நான் போயிருந்தேன். அக்கா ஒவ்வொரு திரையாக டேப்பை உரித்து, பிசுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டாவது திரைக்கு வந்ததும் எனக்கு வெகுநாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். சுடவே தெரியாத ஆள், எண்ணைப் பற்றிக் கவலையே படாத ஆள், தன் திரையில் எதற்கு ஒட்டினார்? டேப் பாதி உரிந்து கையில் தொங்க, அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன், எனக்குப் பாக்கணும்னு தோணாதா? தெனம் தோணும்டா” என்றார். பிறகு ராயபுரத்தில் ஒரு பார்சல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். எம்.சி.ஏ. முடித்தாரா என்று தெரியாது. விசாரித்திருக்கலாம். முடிக்கவில்லை என்ற பதில் வந்துவிடுமோ என்று விசாரிக்கவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் உத்தி வேலையை ஒரு நிரல் செய்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் ஆட வந்தாலும் அவருக்குச் சமமான ஆளை நொடியில் தேடி எதிரணியில் போடும். எவ்வளவு தேடியும் ஜோடி கிடைக்காத மிகத் திறமைசாலி ஒருவன் எப்போதும் இருப்பான். அவனைக் காக்க வைக்க முடியாது, கோபித்துக்கொண்டு போய்விடுவான். அதனால் அவனுக்கு எதிரே கம்ப்யூட்டரையே ஒரு ஆட்டக்காரனாக உட்கார வைத்துவிடுகிறோம், அவனுக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டைச் சொன்னவன் நான்தான், எல்லோரும் பாராட்டினார்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டக்காரனுக்கு மூடி வைக்க ப்ராஜெக்ட் கிடையாது, கொடுக்கவேண்டிய நாள் கிடையாது, சுவர்க் கடிகாரம் கிடையாது. எங்கள் ஆட்டங்களில் சேர்ந்து ஆடுவதற்கென்று தனி மதிப்பெண் வைத்துப் பார்த்திருக்கிறேன். வைத்த மறுநாளே அந்த மதிப்பெண்ணுக்காகத் தனியாக ஆடுகிறவர்கள் வந்துவிடுகிறார்கள். ஒருவன் கை நீட்டும்போது பிடித்துக்கொள்வதற்கு என்ன மதிப்பெண் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ட்ரெய்லர் அண்ணனின் கையை அன்று நான் பிடித்திருந்தால் அக்காவுக்கு அந்த மாலையிலிருந்தே தினம் மூன்று மணி நேரம் கிடைத்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

என் அலுவலகத் திரையில் வலப்பக்கம் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். குழுவில் யார் இந்த வாரம் எத்தனை வேலை முடித்தார்கள் என்ற பட்டியல். பெரும்பாலும் என் பெயர்தான் முதலில் இருக்கும். அந்த இடத்தில் நாலு விரல் நீளத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். திரை பழுதாகிவிட்டதா என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இப்போதைய திரைகள் அவ்வளவாகச் சூடாவதில்லை, ஆனாலும் டேப்பின் ஓரம் அடிக்கடி தூக்கிக்கொண்டு நிற்கிறது, நானே நகத்தால் தூக்கிப் பார்ப்பதால். பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, வேலையைத் தொடர்வேன்.